மணிக்கணக்கும் மனக்கணக்கும்

காலத்தை அளக்கக் கருவி கண்டவன் மனிதன். அக்கருவியைக் கொண்டே மனிதனை அளக்கத் தொடங்கியவனும் அவனே. சுவரில் தொங்கும் கடிகாரம் வேலைக்குச் செல்லும் வேளையை அறிவித்தவரை அது மனிதனுக்கு ஏவலாளாக இருந்தது. செய்த வேலையின் விலையைக் கூறத் தொடங்கியதும் அது மனிதனுக்கு எசமானாகிவிட்டது. பொதுப்பணி செய்யும் நிலையங்களில் ஊழியரின் நேரத்தை நிமிடம் நிமிடமாகப் பதிந்து, அப்பதிவைக் காட்டி அரசாங்கத்திடம் மானியம் கேட்கும் முறை இன்று உலகின் பல நாடுகளில் வேரூன்றி வருகிறது. அம்முறை நேர்மையின் காவலன் என்று போற்றப்படுகிறது. அது காவலனா, அன்றிக் கள்வனுக்குக் கதவு திறந்துவிடும் வேலையாளா என்பதைத் தமிழாசிரியரும் மாணவரும் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

தோ பாயோ என்னும் பெயருக்குப் பெருஞ்சதுப்பு நிலம் என்பது பொருள். முதற்சொல் சீனர்தம் ஹொக்கியன் வழக்கில் பெரிது என்பதைக் குறிக்கும். அடுத்த சொல் சதுப்பைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் திரிபாகும். 1960களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அச்சதுப்பைத் தூர்த்து அடுக்குமாடி வீடுகளை எழுப்பியது. அன்று இளந்தம்பதியராய்க் குடிபுகுந்தோர் பலர் இன்று முதியோராய் அங்கேயே வாழ்கின்றனர். அவர்களை நாடிச் செல்லும் சமூக ஊழியர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திக் கொள்ளலாம். பெயர் வேண்டா. அவரைப் போன்றோர் எந்த வட்டாரத்திலும் உண்டு.

ஏழாம் மாடியில் தனித்து வாழும் ஒரு தமிழ் மூதாட்டியின் கதவை அவ்வூழியர் தட்டுகிறார். "வாம்மா, உட்காரு. முதல்ல காப்பி குடி," என்கிறார் மூதாட்டி. காப்பி வருகிறது. மறைந்த கணவர் துறைமுகத்தில் வேலை செய்த கதை வருகிறது. ஊருக்குப் போய் வந்த கப்பலின் கதை வருகிறது. நாற்பது நிமிடங்கள் கழிகின்றன. நாற்பத்தோராம் நிமிடத்தில், காலிக் கோப்பையைக் கையிலெடுத்துக்கொண்டே, "பத்து நாளா மாத்திரை போடலம்மா. எது காலையில, எது ராத்திரியில என்று தெரியல. கேட்கக் கூச்சமா இருந்தது," என்கிறார்.

நிலையத்துக்குத் திரும்பிய ஊழியர் முன் ஒரு நேரப் பதிவுத் தாள் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேரடிச் சேவைக்கு ஒரு கட்டம். பயணத்துக்கு ஒரு கட்டம். கூட்டத்துக்கு ஒரு கட்டம். எழுத்து வேலைக்கு ஒரு கட்டம். மாத்திரைகளைப் பிரித்துக் கொடுத்த பத்து நிமிடங்கள் நேரடிச் சேவை. ஐயமில்லை. ஆனால், அந்த நாற்பது நிமிடங்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கப்பல் கதை கேட்டதற்கு எந்த அரசாங்கம் பணம் கொடுக்கும்? எனினும் அந்த நாற்பது இல்லையேல் நாற்பத்தொன்று எங்கிருந்து வரும்? இவ்வினாவுக்கு விடை கூற இயலாத முறை எதுவாயினும் அது முறையன்று.

கணக்கு வேண்டாம் என்பதன்று வாதம்

பொதுப்பணம் மக்களின் வியர்வை. அதற்குக் கணக்குக் காட்ட மறுப்பவன் பொதுப்பணிக்கு உரியவனல்லன். இக்கொள்கையைத் தமிழர்க்கு மேனாட்டார் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகிறது. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. எத்துணைக் கடுமையான விதி! எனினும் அக்கல்வெட்டு கேட்டது பணத்தின் கணக்கை, பொறுப்பின் கணக்கை. ஏரி வாரியத்தார் கரையில் நின்ற நாழிகைகளை ஓலையில் எழுதித் தருக என்று அது கேட்கவில்லை. ஏரியில் நீர் நின்றதா என்பதே ஊராரின் கேள்வியாக இருந்திருக்கும்.

ஆகவே எதிர்க்கப்படுவது கணக்கு அன்று. மனிதன் பிறர்க்குக் கொடுத்த நேரத்தை நாணயமாக அடித்து, அந்நாணயத்தைக் கொடுத்து மானியம் வாங்கும் வாணிகமே எதிர்க்கப்படுகிறது.

நேரம் நாணயமான கதை

இவ்வாணிகம் எங்ஙனம் நடைபெறுகிறது என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் பள்ளிகள் தக்க சான்றாகும். அங்கே மெடிக்கெய்ட் என்னும் மருத்துவ உதவித் திட்டம் ஏழையர்க்கென நடத்தப்படுகிறது. ஏழைப் பிள்ளைகளை மருத்துவ உதவிக்கு வழிகாட்டி அனுப்பும் பணியைப் பள்ளி ஊழியரும் செய்வதால், அப்பணிக்குச் செலவான நேரத்தின் மதிப்பில் ஒரு பங்கை மத்திய அரசாங்கம் பள்ளிகளுக்கு ஈடு செய்கிறது. நோக்கம் நன்று. ஆனால் அந்நேரத்தை அறிவது எப்படி? பணிநாள் முழுவதையும் நிமிடங்களாகக் கூறு போட்டு, கணினி குருட்டாம்போக்காகச் சில நிமிடங்களைப் பொறுக்கி எடுக்கிறது. பொறுக்கப்பட்ட நிமிடத்துக்குரிய ஊழியருக்குக் கேள்வி போகிறது: அந்த நிமிடத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்? யாருடன்? எதற்காக? விடைகளுக்குக் குறியீட்டு எண் இடப்படுகிறது. எண்களின் விகிதத்தைக் கொண்டு இக்கணக்கெடுப்பில் சேர்க்கப்பட்ட பள்ளி ஊழியரின் சம்பளத்தில் இத்துணைப் பங்கு மானியத்துக்கு உரியது என்று கணக்கிடப்படுகிறது.

அழும் பிள்ளையின் கண்ணீரைத் துடைத்த நிமிடம் எந்த எண்? அப்பிள்ளை பசியால் அழுததென்றால் ஓர் எண். காதுவலியால் அழுததென்றால் வேறோர் எண். முதலாவதற்குப் பணமில்லை, இரண்டாவதற்குப் பணமுண்டு. பிள்ளையின் அழுகையைக் கேட்கும் செவியே நாளடைவில் பணமுள்ள அழுகை, பணமில்லா அழுகை என்று பிரித்துக் கேட்கப் பழகிவிடாதா?

இவ்வாறு ஈட்டிய பணமாவது பிள்ளைகளுக்கு முழுமையாகச் சென்றதா? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கைத் துறை 2000ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. மானிய விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுப்பதற்கென்றே தனியார் நிறுவனங்கள் தோன்றியிருந்தன. அவை கிடைத்த பணத்தில் நூற்றுக்கு 25 வரையிலும்கூடக் கூலியாகப் பெற்றன. மாநில அரசாங்கங்கள் சிலவும் தம் பங்கை எடுத்துக்கொண்டன. முடிவில், சில இடங்களில் பள்ளிகள் செலவிட்ட ஒவ்வொரு 100 டாலருக்கும் அவற்றின் கைக்கு வந்து சேர்ந்தது 7 டாலர் 50 காசு மட்டுமே. வாய்க்கால் வெட்டியவனே நீரைக் குடித்துவிட்டால் வயலுக்கு எஞ்சுவது ஈரம் மட்டுந்தானே!

பழைய பாடம்

மானியத்தைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பறையை அளக்கும் வழக்கம் புதியதன்று. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு ராபர்ட் லோ என்பார் பொறுப்பில் திருத்த விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. மாணவன் ஒருவனின் சராசரி வருகைக்கு 4 ஷில்லிங். படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் தேறினால் 8 ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்சு பிடித்துக்கொள்ளப்படும். விளைவு யாது? பணம் தரும் மூன்று பாடங்களும் வகுப்பை விழுங்கின. வரலாறும் புவியியலும் பல பள்ளிகளில் ஒதுங்கின. பிள்ளைகள் பாடநூலைப் பொருளறியாது நெட்டுருச் செய்தனர். கவிஞரும் பள்ளிக் கண்காணிப்பாளருமான மாத்யூ ஆர்னால்டு இம்முறையைத் தொடர்ந்து கண்டித்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிள்ளைகளை வருத்திய பின்னரே, 1890களில் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது.

அதே முறை கடல் கடந்து தமிழகத்துக்கும் வந்தது. 1854ஆம் ஆண்டின் உட்ஸ் அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு மானியம் வழங்க வழிவகுத்தது. 1860களில் சென்னை மாகாணத்தில் தேர்வு முடிவுக்கேற்ற மானியம் நடைமுறைக்கு வந்தது. திண்ணைப் பள்ளி ஆசிரியர்களும் அதன் வலைக்குள் வந்தனர். அரிசியும் காய்கறியும் பெற்றுக்கொண்டு ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியரின் வாழ்வு, ஆண்டுக்கொருமுறை வரும் அதிகாரியின் பேனா முனையில் தொங்கியது. மந்தமான மாணவன் ஆசிரியருக்குப் பரிவுக்குரிய பிள்ளையாக இராமல் நட்டமாக மாறினான். 1904ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறையைக் கைவிடச் சொன்னது. நூறாண்டுகளுக்கு முன்னரே குப்பையில் எறியப்பட்ட சட்டையைத் துவைத்து, கணினி என்னும் புதுப் பொத்தானைத் தைத்து, மீண்டும் அணியச் சொல்வது என்ன அறிவுடைமை?

கள்வன் அஞ்சுவதில்லை

"நேர்மையாளன் ஏன் அஞ்ச வேண்டும்? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லையே!" என்று கேட்பாருளர். கேட்பதற்கு இனிய வாதம். ஆனால் மடியில் கனமுள்ளவன் அஞ்சுகிறானா என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் ஊழியரைப் பயிற்சிக்கு அனுப்பும் முதலாளிகளுக்கு, அவர்கள் பயிற்சியில் இருக்கும் நேரத்துக்கு ஊதிய ஈட்டுத்தொகை வழங்கும் திட்டம் உண்டு. அண்மை ஆண்டுகளில் அதன் அளவு மணிக்கு 4 வெள்ளி 50 காசு. தொழிலாளி கற்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தில் பிறந்த திட்டம் அது. அத்தகைய பயிற்சி மானியங்களைக் குறிவைத்து 2017ஆம் ஆண்டில் ஒரு கும்பல் ஒன்பது நிறுவனங்களின் பெயரால் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் அமைப்பை ஏமாற்றிப் பெற்ற தொகை ஏறத்தாழ 4 கோடி வெள்ளி. நடவாத வகுப்புகளுக்கு விண்ணப்பங்கள் போயின. தாள்கள் நிறைந்திருந்தன, வகுப்பறை மட்டுந்தான் இல்லை. அக்கயவர்கள் பிடிபட்டுச் சிறை சென்றனர். ஆயினும் அவர்களைக் காட்டிக் கொடுத்தது நிரப்பப்பட்ட படிவமன்று. பணம் போன போக்கை ஐயுற்று ஆராய்ந்த மனிதரின் கண்ணே.

இந்தியாவில் ஊரக வேலை உறுதித் திட்டத்தில், தமிழ்நாட்டார் நூறு நாள் வேலை என்று வழங்கிய அத்திட்டத்தில், 2023 சனவரி முதல் நாளுக்கு இருமுறை கைப்பேசியில் படம் எடுத்து வருகையைப் பதிய வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. ஈராண்டு கழித்து 2025ஆம் ஆண்டு சூலையில் அந்நாட்டு ஊரக வளர்ச்சி அமைச்சே ஒரு சுற்றறிக்கையில் ஒப்புக்கொண்டது யாது? தொடர்பில்லாத படங்கள் ஏற்றப்பட்டன. படத்தையே படமெடுத்தும் அனுப்பினர். வெயிலில் வியர்த்து நின்ற கிழவி சமிக்ஞை கிடைக்காமல் கூலியிழக்க நேர்ந்தால் அவளுக்குத் துணை யார்? படத்தைப் படமெடுத்தவனுக்கோ எவ்விடரும் இல்லை.

மீண்டும் அமெரிக்காவைப் பார்த்தால், பள்ளி மாணவர்க்கான சிகிச்சைகளுக்கு மெடிக்கெய்ட் பணத்தைத் தவறாகக் கோரின என்னும் குற்றச்சாட்டில் நியூயார்க் மாநிலமும் நியூயார்க் நகரமும் 2009ஆம் ஆண்டில் 54 கோடி டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டன. எழுதிக் குவிக்கும் முறை எவ்வளவு பெரிதோ, பிழையும் பித்தலாட்டமும் ஒளிவதற்கு இடமும் அவ்வளவு பெரிது.

பொய் எழுதுபவனுக்கு நேரப் பதிவுத் தாள் போல் எளியது வேறில்லை. அவனது நாள் ஒழுங்கானது. அவன் கட்டங்கள் நிறைந்தவை. அவன் கூட்டுத்தொகை பிசகாது. உண்மை எழுதுபவனின் நாளோ ஒழுங்கற்றது. ஒரே வேளையில் தொலைபேசியில் ஒருவரைத் தேற்றுவான். மற்றொருவருக்குக் கையால் வழிகாட்டுவான். அந்த நிமிடத்தை இரு கட்டங்களில் எப்படிப் போடுவான்? ஆகவே தாளின் முன் தடுமாறுபவன் நேர்மையாளன், தடுமாறாதவன் கள்வன்.

எழுதப்படாத மணிகள்

ஆசிரியர்க்கு இது அயலார் துன்பமன்று. பொருளியல் ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 2013ஆம் ஆண்டில் பல நாடுகளின் உயர்நிலைப் பள்ளிக் கீழ்வகுப்பு ஆசிரியர்களிடம் ஆய்வு நடத்தியது. சிங்கப்பூர் ஆசிரியர் வாரத்துக்கு 48 மணி நேரம் உழைப்பதாகக் கூறினர். அதில் வகுப்பில் கற்பித்தது 17 மணி. மற்ற நாடுகளையும் சேர்த்த சராசரி 38 மணி உழைப்பும் 19 மணி கற்பித்தலும் ஆகும். எனவே சிங்கப்பூர் ஆசிரியர் கற்பித்தது சராசரியினும் குறைவு. உழைத்தது சராசரியினும் மிகுதி. எஞ்சிய 31 மணி எங்கே போயிற்று? ஏறத்தாழ 9 மணி திருத்தும் வேலைக்குப் போயிற்று. 5 மணி நிருவாக எழுத்துக்குப் போயிற்று. அதற்கான சராசரியோ 3 மணி.

இந்த எண்களைக் கடிகாரக்காரர் கையில் கொடுத்தால் அவர் என்ன கூறுவார்? கற்பித்த 17 மணிக்கே பணம் என்பார். அந்தோ! பள்ளி முடிந்த பின் வாசலில் நின்று, 'ழ'கரம் நாவில் வராத சிறுவனுக்கு ஐந்து நிமிடம் ஒலித்துக் காட்டிய ஆசிரியரின் உழைப்பு எந்த மணியில் சேரும்? வீட்டில் தமிழ் பேசாத பிள்ளையின் தாயிடம் பேருந்து நிறுத்தத்தில் பேசிய பேச்சு எதில் சேரும்? சிங்கப்பூரில் தமிழ் உயிரோடிருப்பது கால அட்டவணையில் உள்ள பாடவேளைகளால் மட்டுமன்று. அட்டவணையில் இல்லாத ஐந்து நிமிடங்களாலும் ஆகும். எழுதப்படாததால் பணமில்லை, பணமில்லாததால் மதிப்பில்லை, மதிப்பில்லாததால் நாளடைவில் அந்த ஐந்து நிமிடங்களே இல்லை. இதுவே நேரக்கணக்கு செய்யும் பெருந்தீங்கு. அது பணியை அளப்பதுபோல் வந்து பணியை மாற்றிவிடுகிறது.

செய்யத் தக்கது

மறுப்புரை மட்டும் கூறி மாற்றுரை கூறாதிருத்தல் முறையன்று. மானியம் வழங்குவோர் நான்கு வழிகளைக் கடைப்பிடிக்கலாம்.

முதலாவது, மணிக்கு மானியம் வழங்குவதை விடுத்துப் பணியிடத்துக்கு வழங்குக. இவ்வட்டாரத்துக்கு இத்தனை ஊழியர் தேவை என்று முடிவு செய்து, அவர்தம் சம்பளத்தை ஏற்றுக்கொள்க. இரண்டாவது, நேரம் எங்ஙனம் செலவாகிறது என்பதை அறிந்தே தீரவேண்டுமாயின், ஆண்டில் ஓரிரு வாரங்கள் மட்டும் பெயரின்றிப் பதிவு செய்க. அப்பதிவை எந்த ஊழியரின் தகுதியை எடைபோடவும் பயன்படுத்தாதிருப்பதாக வாக்களிக்க. மூன்றாவது, தணிக்கையை வலுப்படுத்துக. சிங்கப்பூரின் தலைமைக் கணக்காய்வாளர் ஆண்டுதோறும் அரசாங்க அமைப்புகளின் குறைகளைப் பெயர் சுட்டி வெளியிடுகிறார். பணம் சென்ற வழியைத் தேர்ந்த கண்ணால் பார்க்கும் அம்முறை ஆயிரம் நேரத்தாள்களுக்கு மேலானது. நான்காவது, ஒவ்வொரு படிவத்தின் தலையிலும் அதை நிரப்ப எத்தனை நிமிடம் ஆகும் என்று அச்சிடுக. அமெரிக்காவின் மத்திய அரசாங்கப் படிவங்களுக்குச் சட்டம் ஒன்று இதனை விதித்துள்ளது. பிறர் நேரத்தைக் கணக்குக் கேட்பவர், தாம் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கும் கணக்குக் காட்டட்டும்!

"அளக்க முடியாததை நம்புவது எப்படி?" என்பது அதிகாரிகள் எழுப்பும் கடைசிக் கேள்வி. இதற்கு விடை தமிழ் மாணவர் அறிந்ததே. ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவன்மேல் ஐயங்கொள்வதும் ஆகிய இரண்டுமே தீராத் துன்பம் தரும் என்பது வள்ளுவர் கருத்து. அவர் முதற்பாதியை மட்டும் கூறியிருந்தால் நேரப் பதிவுத் தாளுக்கு அவரே காப்பாளராகியிருப்பார். இரண்டாம் பாதியையும் கூறினார். ஊழியரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆராய்க. நூறு கேள்வி கேட்க. சான்றிதழைப் புரட்டிப் பார்க்க. பணியைக் கொடுத்த பின் நாள்தோறும் நிமிடந்தோறும் "அப்போது என்ன செய்தாய்?" என்று கேட்பது, நம்பியவன் முதுகில் ஐயத்தை மூட்டையாக ஏற்றுவதாகும். மூட்டை சுமப்பவன் மூதாட்டியின் வீட்டு ஏழாம் மாடிக்கு விரைந்து ஏற மாட்டான்.

அம்மூதாட்டியின் மேசையில் இப்போது மாத்திரைகள் காலைக்கு ஒரு பெட்டி, இரவுக்கு ஒரு பெட்டி என்று பிரித்து வைக்கப்பட்டிருக்கும். பெட்டிகளின்மேல் தமிழில் எழுதப்பட்டிருக்கும். அடுத்த வாரம் அதே கதவு தட்டப்படும். அதே காப்பி வரும். அதே கப்பல் கதை மீண்டும் தொடங்கும். ஊழியர் கடிகாரத்தைப் பார்ப்பாரா, மூதாட்டியின் முகத்தைப் பார்ப்பாரா? சதுப்பு நிலத்தைத் தூர்த்து நகரம் கண்ட சமுதாயம், மனித உறவுகளைச் சதுப்பாக விட்டுவிடலாகாது. கடிகாரம் சுவரில் இருக்கட்டும். அதற்குரிய இடம் அதுவே.